முளையும் தொளையும்: பண்டிகைக் கைவினையின் பிறப்பிறப்பு ஆராய்ச்சி

பருவகாலப் பண்டிகைக்கென்று கையால் செய்யப்படும் ஒரு பொருள், பண்டிகை முடிந்த மறுநாள் என்ன ஆகிறது என்னும் வினா, அது எவ்வாறு செய்யப்படுகிறது என்னும் வினாவைக் காட்டிலும் கடினமானது. ஆயினும் ஆய்வுலகம் இதுகாறும் செய்முறையையே துருவித் துருவி ஆராய்ந்து, அப்புறப்படுத்தும் முறையை வீடு பெருக்குவோர் பொறுப்பில் விட்டுவிட்டது. அக்குறையை நீக்கும் பொருட்டு, வட ஐரோப்பியப் பேகன் பண்டிகைகளுக்காகக் கோதுமைத் தாளாலும் கோரையாலும் பின்னப்படும் பொருள்களையும், அதே பண்டிகைகளுக்காக லெகோ முதலிய பிளாஸ்டிக் கட்டைகளால் கட்டப்படும் மாதிரிகளையும், கதைகளிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் மனத்தைப் பறிகொடுத்த விசிறிகள் செய்யும் பொருள்களையும் ஒருங்கு வைத்து நோக்கும் இக்கட்டுரை, இவை யாவும் பிறப்பால் ஒன்றே, இறப்பால் மட்டுமே வேறுபட்டன என நிறுவ முற்படுகிறது.

முதற்கண் சொல்லாராய்ச்சி. பேகன் என்றதும் மயிலுக்குப் போர்வை ஈந்த வையாவிக் கோப்பெரும் பேகனை நினைவுகூர்வது தமிழர்க்கு இயல்பே. ஆயினும் இங்குக் குறிக்கப்படுவோர் வேறு. இலத்தீனில் ‘பாகானுஸ்’ என்பது நாட்டுப்புறத்தானைக் குறித்த சொல். கிறித்தவம் பரவிய பின் அது அச்சமயம் சாராதார் அனைவரையும் இழித்துரைக்கும் பெயராயிற்று. 20ஆம் நூற்றாண்டில் சிலர் அவ்வசைச் சொல்லையே விருதாகப் பூண்டுகொண்டனர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021இல் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 74,000 பேர் தம் சமயம் பேகன் என்றும், மேலும் 13,000 பேர் விக்கா என்றும் எழுதினர். விக்கா என்பது ஜெரால்டு கார்ட்னர் (1884–1964) என்பவரால், பழைய சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பிறகு, வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்ட நெறி. இவர் இளமையில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்; பின்னாளில் மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்தவர். தமிழ்த் தொழிலாளர் நிறைந்த அத்தோட்டங்களில் ஒரு பொங்கலேனும் அவர் கண்ணில் படாமல் இருந்திருக்க வழியில்லை என்பது இக்கட்டுரையின் துணிபு. சான்று கேட்போர் லயத்தருகே ஒரு தை மாதம் தங்கிப் பார்க்கலாம்.

அடுத்தது ‘விசிறி’. ஆங்கிலச் சொல்லைத் தமிழில் இவ்வாறு பெயர்த்தவர் குளிர்நாட்டாரை நினைத்துப் பெயர்க்கவில்லை என்பது தெளிவு. அங்கு விசிறிகள் வீசுவதில்லை, பின்னுகின்றனர். ‘டாக்டர் ஹூ’ என்னும் பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடரில் 1974இல் நான்காம் டாக்டராக வந்த டாம் பேக்கருக்குக் கழுத்துச் சுற்றுத்துணி ஒன்று வேண்டியிருந்தபோது, ஆடை வடிவமைப்பாளர் ஜேம்ஸ் அச்செசன் பல நிறக் கம்பளி நூலைத் தெரிந்தெடுப்பதற்கென்று மிகுதியாக அனுப்ப, பின்னுபவரான பெகோனியா போப் என்னும் அம்மையார் அதனைத் தெரிந்தெடுப்பதற்கென்று கொள்ளாமல் முழுவதையும் பின்னித் தீர்த்துவிட்டார். தரையில் புரளும் அந்நீளம் இவ்வாறு ஒரு தவறான புரிதலில் பிறந்தது. இன்றளவும் விசிறிகள் அதனை வரிக்கு வரி, நிறத்துக்கு நிறம் எண்ணிப் பின்னி வருகின்றனர். வள்ளல் பேகனுக்கும் இவர்களுக்கும் இவ்விடத்தில் மட்டும் ஓர் உறவு தென்படுகிறது: குளிர்கிறதா எனக் கேட்டறியாமலே போர்த்துபவர்கள் இரு சாராரும்.

விசிறியும் பேகனும் ஒரே ஆய்வில் அடங்குவரோ என ஐயுறுவார்க்கு விடை நாட்காட்டியில் உள்ளது. தமிழிலக்கணம் ஆண்டைப் பெரும்பொழுது ஆறாகப் பகுக்க, இன்றைய பேகன்கள் எட்டுப் பண்டிகைகளாகப் பகுத்து, அவ்வமைப்பை ஆண்டுச் சக்கரம் என்பர். அதாவது கதிரவனின் இரு திருப்பங்களும், பகலும் இரவும் ஒக்கும் இரு நாள்களும், இவற்றின் இடையே வரும் பழைய ஐரிய விழாக்கள் நான்கும். பிப்ரவரி 1 இம்போல்க். மறுநாள், ஒரே நாளில் சிக்கிக்கொண்ட மனிதனைப் பற்றிய ‘கிரவுண்ட்ஹாக் டே’ படம் நிகழும் நாள். மார்ச் 20ஐ ஒட்டி ஓஸ்டாரா. 25ஆம் தேதி டோல்கீன் கதையில் மோதிரம் அழிந்த நாள். மே 1 பெல்டேன். மே 4, அத்தேதியின் ஆங்கில ஒலிப்பு கதைமாந்தரின் வாழ்த்துரையோடு ஒத்திருத்தலால், ‘ஸ்டார் வார்ஸ்’ நாள். ஜூன் 21ஐ ஒட்டி லிதா. ஆண்டின் நடுநாளில் அதே டோல்கீன் கதையின் அரகோர்ன் மணம் புரிந்தான். ஆகஸ்டு 1 லூனசா. அதற்கு முந்தைய நாள் ஹாரி பாட்டர் பிறந்தநாள். செப்டம்பர் 22ஐ ஒட்டி மேபன்; அன்றே டோல்கீனின் பில்போவும் ஃப்ரோடோவும் பிறந்தனர். அக்டோபர் 31 சவ்வின். அன்றிரவே ஹாரியின் பெற்றோர் மாண்டனர். டிசம்பர் 21ஐ ஒட்டி யூல். 23ஆம் தேதி ‘சைன்ஃபெல்டு’ தொடர் தந்த ஃபெஸ்டிவஸ். எட்டுக்கு எட்டும் பொருந்தின. மே 25இல் எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ் நினைவாகத் தோளில் துண்டோடு திரியும் துண்டு நாள் இதில் எங்கும் பொருந்தவில்லை. அதனைப் பாடபேதம் எனக் கொள்க. எண்ணிக்கை நோக்கினும் விசிறிகள் எளியரல்லர்: 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 3,90,127 பேர் தம் சமயம் ‘ஜெடாய்’ என்று, அதாவது திரைப்பட வீரர் மரபென்று, எழுதிக் கொடுத்தனர்.

இனி எட்டு என்னும் எண். மேற்சொன்ன எட்டையும் ஒத்த தகுதியோடு கொண்டாடும் முறை, கார்ட்னரைச் சார்ந்த ப்ரிக்கெட் வுட் குழுவினரிடம் 1958இல் நிலைபெற்றது. அதே 1958ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் தேதி, டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரைச் சேர்ந்த லெகோ நிறுவனம் தன் கட்டைக்குக் காப்புரிமை கோரி மனு அளித்தது. நான்கு நீளமும் இரண்டு அகலமும் கொண்ட அக்கட்டையின் மேல் குமிழ்கள் எட்டு. ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடு வரை தொலைவு 8 மில்லிமீட்டர். ‘ப்ரிக்’ என்பதோ ஆங்கிலத்தில் செங்கல். இவ்வளவு ஒற்றுமைக்குப் பின்னும் இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று நிறுவ இயலவில்லை. இல்லையென்று நிறுவ எவரும் முன்வரவுமில்லை.

இக்கட்டுரையின் உயிர்நிலையாவது முளையும் தொளையும் பற்றிய கோட்பாடு. முளை என்பது புடைத்து நிற்பது; தொளை என்பது அதனை ஏற்பது. லெகோ கட்டைகள் தொடக்கத்தில் அடிப்புறம் வெறும் குழிவாக இருந்தமையால் ஒன்றன்மேல் ஒன்று நின்றனவே தவிரப் பற்றவில்லை. 1958இல் அடியில் குழல்களை வைத்ததும், மேலுள்ள கட்டையின் குழலுக்கும் சுவருக்கும் இடையே கீழ்க்கட்டையின் குமிழ் இறுக, பற்று உண்டாயிற்று. இதனைப் புதுமை என்பார் இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சை நேரில் காணாதார். கி.மு. 2500 வாக்கில் எழுப்பப்பட்டு, இன்று கோடைத் திருப்பத்தன்று பேகன்கள் விடியலில் கூடும் அக்கல்வட்டத்தில், நிற்கும் கற்களின் உச்சியில் முளைகளும், அவற்றின்மேல் கிடத்திய கற்களின் அடியில் அவற்றுக்கேற்ற தொளைகளும் செதுக்கப்பட்டுள்ளன. மரத்தச்சர் கழுந்து விட்டு இணைப்பது போன்ற வேலை. தலைக்கல் விழுந்துவிட்டமையால், இன்று 56ஆம் எண் கொடுக்கப்பட்டுள்ள கல்லின் உச்சியில் அம்முளை வெட்டவெளியில், வானத்தை நோக்கி, அடுத்த கட்டையை எதிர்பார்த்து நிற்பதை எவரும் காணலாம். ஆகவே ஸ்டோன்ஹெஞ்சைச் சாம்பல் நிறக் கட்டைகளால் மேசைமேல் கட்டுவோர் மாதிரி செய்கிறார் அல்லர். ஒரே முறையை அளவு சுருக்கிக் கையாள்கிறார். ஒரு நுண்ணிய வேறுபாடு உண்டு. கட்டையை வெட்டுதல், ஒட்டுதல், வண்ணம் பூசுதல் ஆகிய மூன்றையும் விலக்கியோர் இத்துறையில் தூய்மைவாதிகள் எனப்படுவர்; ஸ்டோன்ஹெஞ்சைக் கட்டியோர் கல்லைச் செதுக்கியமையால் தூய்மைவாதிகள் ஆகார்.

கோதுமைத் தாளுக்கும் இக்கோட்பாடே. அறுவடைத் தாள்பாவை என்பது கடைசிக் கதிர்க்கட்டிலிருந்து செய்து, குளிர்காலம் முழுதும் வீட்டில் வைத்து, இளவேனிலில் முதல் உழுசாலில் இட்டுப் புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் பின்னல் பொருள். கதிருக்கும் முதற்கணுவுக்கும் இடைப்பட்ட பகுதியை மட்டும் அறுத்து, மேலுறையை உரித்து, ஒடியாதிருக்க நீரில் ஊறவைத்து எடுத்த தாள்கள் ஐந்தைக் கதிருக்குச் சற்றுக் கீழே நூலால் கட்டித் தலைகீழாகப் பிடித்து, நான்கைத் திசைக்கொன்றாக விரித்து, மிஞ்சிய ஐந்தாவதை அதற்கு அடுத்த இரண்டு தாள்களின்மேல் மடித்து, பின் கடைசியாகத் தாண்டப்பட்ட தாளை எடுத்து அதுவும் இரண்டைத் தாண்டுமாறு மடித்துக்கொண்டே போனால், நடுவில் கூடாயமைந்த ஒரு திருகு வளர்ந்துகொண்டே வரும். தாள் தீர்ந்துவிட்டால் முடிச்சிடுவதில்லை. பழைய தாளின் பொள்ளலுக்குள் புதிய தாளின் மெல்லிய நுனியைச் செருகுவர். முளை, தொளை. அறுவடை எந்திரம் தாளை நொறுக்கிவிடுவதாலும், இக்காலக் கோதுமை குட்டையாகிவிட்டமையாலும், ‘மாரிஸ் விட்ஜியன்’ போன்ற நெடுந்தாள் இனத்தைக் கூரை வேய்வோரும் தாள் பின்னுவோரும் தேடிப் பிடிக்கின்றனர்.

அயர்லாந்தில் இம்போல்க் நாளில் கோரையை நான்கு கையாக மடித்துப் பின்னும் பிரிஜித் சிலுவையும் ஓராண்டு வாசலின்மேல் காய்ந்து பழுத்து, மறு ஆண்டு புதியதற்கு இடம் விட்டு விலகும். இதில் முளையும் இல்லை, தொளையும் இல்லை. எனவே இது பற்றி மேலும் விரித்துரைக்கப்படவில்லை.

பிறப்பு இவ்வாறு ஒன்றாகவே, ஆராய எஞ்சுவது இறப்பு. இதற்குச் சுவீடனின் யேவ்லெ நகரத்து ஆட்டைக் காட்டிலும் தக்க சான்று கிடைப்பதரிது. யூல் பருவத்தில் சுவீடன் வீடுகளில் சிவப்பு நாடா கட்டிய சிறு வைக்கோல் ஆடு வைப்பது வழக்கம். அதனை 1966இல் யேவ்லெ நகரத்தார் 13 மீட்டர் உயரத்துக்கு வளர்த்து நகரச் சதுக்கத்தில் நிறுத்தினர். அவ்வாண்டு புத்தாண்டுக்கு முந்தைய இரவில் அதனை யாரோ எரித்தனர். அது முதல் நகரத்தார் ஆண்டுதோறும் கட்டுவதும், யாரேனும் பல ஆண்டுகளில் அதனை எரிப்பதுமாக ஓர் ஒழுங்கு ஏற்பட்டுவிட்டது. எரித்தல் குற்றமென்று சட்டம் சொல்லியும் பயனில்லை. 1976இல் ஒரு கார் வந்து மோதி வீழ்த்திற்று. 2001இல் தீ வைத்த அமெரிக்கப் பயணி ஒருவர், இஃது ஊர் வழக்கம் என நம்பியதாகச் சொல்லியும் சிறை சென்றார். இக்கட்டுரை அவர் பக்கமே. 2016இல் ஐம்பதாம் ஆண்டு விழாவின்போது திறந்துவைத்த அன்றே எரிந்தது. 2023இல் வைக்கோலில் தானியம் மிச்சமிருந்தமையால் காக்கை இனத்துப் பறவைகள் வந்து கொத்தித் தின்றன. தீ, வண்டி, பறவை என எமன் எந்த உருவில் வரினும், ஆடு முடிவுற்றது. முடிவுற்றமையாலேயே மறு ஆண்டும் அது பிறக்க வேண்டியதாயிற்று.

பிளாஸ்டிக் ஆட்டுக்கு இவ்வாய்ப்பில்லை. வைக்கோலின் வெளிர்மஞ்சளுக்கு அணித்தான நிறக் கட்டைகளை உடலாக அடுக்கி, சிவப்புத் தகட்டுக் கட்டைகளை நாடாவாக இடையிட்டு, குறும்பொம்மைகளின் கைக்கென வார்த்த வாழைப்பழம் இரண்டைத் தலையில் வளைத்துச் செருகிக் கொம்பாக்குவர். ஒன்றற்கென வார்த்த உறுப்பை வேறொன்றாக வழங்குதல் இத்துறையில் பெருந்திறமாகப் போற்றப்படுகிறது; செய்யுளில் உருவகம் எனப்படுவது இங்குக் கைக்குக் கிடைக்கும் பொருளாகிறது. இவ்வாறு முற்றுப்பெற்ற ஆடு எரிவதில்லை. எரிக்க முயன்றால் உருகிக் கரும்புகை கக்கும். பறவை தின்னாது. 1958ஆம் ஆண்டுக் கட்டையும் இன்றைய கட்டையோடு பொருந்துமாதலால், மூப்பும் அதற்கில்லை. ஆகவே யூல் கழிந்து, இம்போல்க் கழிந்து, வெயில் ஏறிய லிதா நாளிலும் பனிக்கால ஆடு அலமாரியில் நின்றுகொண்டே இருக்கிறது. அதன்மேல் மாறும் பருவம் தூசியின் கனம் ஒன்றே. எட்டுப் பண்டிகைக்கும் எட்டு மாதிரி கட்டியவர் வீட்டில் எட்டுப் பருவமும் ஒரே தட்டில் ஒரே சமயத்தில் நிற்றலால், ஆண்டுச் சக்கரம் சுழலாமல் அச்சு முறிந்து நிற்கிறது என்பது கண்கூடு.

கலைத்தலே கட்டைக்கு விதித்த தீ. இதனை மறுப்போர் கணக்கை நோக்குக: ஒரே நிறத்து எட்டுக்குமிழ்க் கட்டைகள் ஆறு இருந்தால், அவற்றை 91,51,03,765 வகையாக இணைக்கலாம் எனக் கணிதர் எண்ணிக் காட்டியுள்ளனர். உயிர்களின் பிறவி வகை எண்பத்து நான்கு நூறாயிரம் என்று சொல்லிவந்த மரபினர், ஆறே கட்டைக்கு அதனினும் நூறு மடங்குக்கு மேல் பிறவி உண்டென்பதை எண்ணிப் பார்த்தல் தகும். அவற்றுள் ஒன்றையே பிடித்துக்கொண்டு தூசி துடைத்தல், ஏனைய 91,51,03,764 பிறவிகளையும் வாசலில் காக்கவைப்பதாகும்.

ஆதலின் வாசகர் தம் இல்லத்து அலமாரியில் அத்தகைய ஆடொன்று நின்றால், பிப்ரவரி முதல் தேதிக்குள் அதனைக் கலைத்துப் பெட்டியில் இட்டுவிடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார். கொம்பு இரண்டையும் தனியொரு சிறு உறையில் இட்டு, மேலே ‘கொம்பு’ என எழுதி வைப்பது நலம். இல்லையேல் அடுத்த டிசம்பரில் அவை வெறும் வாழைப்பழமாகவே கையில் அகப்படும்.