நாலணாக் குதிரைக்காரனின் விண்ணப்பம்

பெறுநர்: மேன்மைமிகு கால்நடை அத்துமீறல் சட்டம் (1871) அவர்கள்

ஐயா,

இலஞ்சிப் பக்கம் ஒரு பெண் குதிரையை வைத்துக்கொண்டு அல்லாடும் ஆசாமி எழுதிக்கொள்வது.

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டது. வயலில் புல்லுக்குக் குறைவில்லை. ஆனாலும் குதிரைக்கு வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பதுதான் ருசி. அந்தப் பக்கம் சீசனுக்கு வாடகைக்கு விடும் பங்களாத் தோட்டம். அங்கே நீட்டிய வாயில் இரண்டு ரோஜாச்செடி போயிற்று. தோட்டத்து அண்ணாச்சி தங்கள் பெயரைச் சொல்லித்தான் சண்டைக்கு வந்தார்.

அதன்பிறகே தங்களை முழுசாக வாசித்தேன். என்ன தாராள மனசு! யானை, ஒட்டகம், குதிரை, கழுதை, பன்றி, ஆட்டுக்குட்டி எல்லாமே தங்களுக்குக் கால்நடை. பயிரை மேய்ந்தால் பிடித்து 24 மணி நேரத்துக்குள் பவுண்டு என்னும் கால்நடைப் பட்டியில் அடைக்க வேண்டும். தாங்கள் பிறந்தபோது போட்ட அபராதம் யானைக்கு 2 ரூபாய், எருமைக்கு 8 அணா, குதிரைக்கு 4 அணா, ஆட்டுக்கு 1 அணா. வடகரை, மேக்கரைப் பக்கம் தென்னையைச் சாய்த்துவிட்டு மலையேறும் யானைகளுக்கு உடைமையாளர் யாரும் இல்லாததால், அந்த 2 ரூபாயை வசூலிக்கப் போக ஆளில்லை. அது கிடக்கட்டும்.

என் குறை வேறு. குதிரை தோட்டத்துக்குச் செய்வதற்கு விலை போட்ட தாங்கள், தோட்டம் குதிரைக்குச் செய்வதை மறந்துவிட்டீர்கள். வேலியோரச் செவ்வரளியை அண்ணாச்சி கவாத்து செய்தார். வெட்டிய கிளையெல்லாம் என் வயலில். கேட்டால், "பச்சத்தழதான தம்பி, குதிர திங்கும்லா!" என்றார், அவ்வளவு பிரியமாக. பச்சையாக இருக்கும்வரை கசப்புக்குப் பயந்து குதிரை ஒதுக்கும். காய்ந்தால் கசப்பு குறையும், விஷம் குறையாது. ஒரு கைப்பிடி இலை இதயத்தை நிறுத்திவிடும். தின்றதை வாந்தியெடுத்துப் பிழைக்கவும் குதிரையின் உடம்பில் வழியில்லை. இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வண்டி பிடிப்பதற்குள் கதை முடிந்துவிடும்.

இலை இலையாகப் பொறுக்கினேன். எரித்தால் புகையும் ஆகாதாம். குழி தோண்டிப் புதைத்தேன். மறுநாள் மிஷினில் வெட்டிய புல் மூட்டையாக வந்து விழுந்தது. புழுங்கிப் புளித்த புல் குதிரைக்கு வயிற்றுவலியைக் கொண்டுவரும் என்றால் அண்ணாச்சி சிரிக்கிறார். இப்போது என் வேலிக்கு உள்ளே இன்னொரு வேலி போட்டிருக்கிறேன், முள்கம்பி இல்லாமல், குதிரை கழுத்தை நீட்டினாலும் அரளி எட்டாத தூரத்தில். இடைப்பட்ட நிலத்துக்கும் தீர்வை நான்தான் கட்டுகிறேன்.

ஆகவே தங்கள் அட்டவணையில் கழுதைக்குப் பக்கத்திலாவது செவ்வரளிக்கு ஓர் இடம் ஒதுக்க வேண்டுகிறேன். அத்துமீறி விழும் கிளையை 24 மணி நேரத்துக்குள் பவுண்டில் அடைக்க நான் தயார். அதற்குத் தீனி போடும் செலவும் மிச்சம். அபராதத் தொகையைத் தாங்களே முடிவு செய்யுங்கள். குதிரையின் உயிருக்கு 4 அணாவுக்கு மேல் கேட்டால் பேராசை என்று நினைப்பீர்கள்.

இப்படிக்கு,
2 ரோஜாச்செடிக் கடனாளி,
இலஞ்சி, தென்காசி மாவட்டம்.