பேரிங் முனகல்: அஸ்தம்பட்டி நிலத்துக்கு ஒரு விசிறியியல்

நிலத்தை ஐந்தாகவும் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகவும் வகுத்த தமிழ் இலக்கணம், மேசைக் கம்ப்யூட்டருக்குள் சுற்றும் ஃபேனுக்கு ஒரு நூற்பாகூடச் செய்யாமல் விட்டுவிட்டது. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்த ஆய்வு. முதலில் சொற்பொருள். இங்கே 'விசிறி' என்பது பனையோலையில் முடைந்ததும் அன்று. முதல் காட்சியன்று கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுவதும் அன்று. 12 வோல்ட்டில் ஓடுகிற, உள்ளங்கை அகலமுள்ள, கடைக்காரரும் வாங்குபவரும் ஒருசேர 'ஃபேன்' என்றே அழைக்கிற பிளாஸ்டிக் பொருள். அடுத்து ஆய்வின் எல்லை: ஏற்காடு பஸ் மலையேறும் முன் கடந்துபோகும் சேலத்து அஸ்தம்பட்டி ரவுண்டானாவும் அதைச் சுற்றிய வீடுகளும். இந்த நிலத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1935-ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இதே ஏற்காடு சாலையில்தான் இருந்தது. அதன் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. பேசும்படம் எடுத்தவர்கள் 'சைலன்ஸ்' என்று கத்தியே அமைதியை உண்டாக்கினார்கள். அதே சாலையோரம் இன்று கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் யாரைப் பார்த்துக் கத்துவது என்பதே ஆய்வுக்குரிய கேள்வி.

ஃபேன் வாங்கப் போகிறவர் இரண்டு வரம் கேட்கிறார். சத்தம் வரக்கூடாது, சீக்கிரம் கெடக்கூடாது. இரண்டும் வெவ்வேறு என்று நினைப்பதால், ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்கவும் தயாராக வருகிறார். இக்கட்டுரை நிறுவ முயல்வது இதுதான்: சேலம், நாமக்கல் சமவெளியில் இவை இரண்டல்ல, ஒன்றே. இங்கே தூக்கத்தைக் கெடுப்பது காற்றின் சத்தமன்று, பேரிங்கின் முனகல். பேரிங்கைப் பார்த்து வாங்கியவருக்கு அமைதி கொசுறாகக் கிடைக்கும். அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் டெசிபெலைப் பார்த்து வாங்கியவருக்கு ஒரு கோடை வரை இரண்டும் இருக்கும். அதற்குமேல் ஒன்றும் இருக்காது.

முதற்சான்று அந்தப் பெட்டியே. '22 டெசிபெல்' என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். ஆனால் அந்த அளவு ஓசையடங்கிய அறையில், ஃபேனுக்கு முன்னால் வலையோ வடிகட்டியோ எதுவுமில்லாமல் எடுத்தது. அஸ்தம்பட்டி வீட்டில் அதே ஃபேனுக்கு மேலே 1200 மில்லிமீட்டர் சீலிங் ஃபேன் ஐந்தாம் நம்பரில் சுற்றுகிறது. அதன் ஓசையை 50 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். டெசிபெலைச் சந்தைக் கணக்குப்போல் கூட்ட முடியாது. அது மடக்கைக் கணக்கு. 50-உடன் 22-ஐச் சேர்த்தால் 72 வராது, 50.007 வரும். குடியிருப்புப் பகுதியில் இரவு 45 டெசிபெலுக்கு மேல் போகக்கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. ஆனால் சொந்த சீலிங் ஃபேன்மீது வழக்குப் போட்டவர் இல்லை. ஆக, சித்திரை மாதத்து அஸ்தம்பட்டியில் 22 டெசிபெல் ஃபேனுக்கும் 28 டெசிபெல் ஃபேனுக்கும் உள்ள வேறுபாடு, கல்யாண மண்டபத்தில் ஒருவர் செருப்பில்லாமல் நடந்தார் என்பது போன்றது. உண்மைதான், யாருக்கும் கேட்காது.

அப்படியானால் ஓடும் சீலிங் ஃபேனையும் தாண்டிக் காதில் விழுவது எது? காது அளவை மட்டும் கேட்பதில்லை, ஒழுங்கையும் கேட்கிறது. ஏழு இறகுள்ள ஃபேன் நிமிடத்துக்கு 1200 சுற்றுச் சுற்றினால், ஒரு நொடிக்கு 140 முறை ஓர் இறகு ஒரே இடத்தைக் கடக்கும். ஒன்றரைக் கட்டையில் பாடும் ஆண்குரலின் ஆதார சட்ஜம் நொடிக்கு ஏறக்குறைய 138.6 அதிர்வு. அதாவது, நல்ல ஃபேன் ஒன்றரைக் கட்டைக்கு மயிரிழை மேலே சுருதி பிடித்து நிற்கிறது. தம்பூரா பின்னால் ஒலிப்பதை யாரும் இரைச்சல் என்று சொல்வதில்லை. ஐந்து நிமிடத்தில் காது அதை மறந்துவிடும். மறக்க முடியாதது தாளம் தப்பியது: 'கிர்ர்' என்று தொடங்கி, நடுவில் ஒரு 'டக்', பிறகு ஒரு மௌனம், மறுபடி 'கிர்ர்'. அந்த மௌனம்தான் கொடுமை, அடுத்த 'டக்' எப்போது வரும் என்று காது காத்துக் கிடக்கும். இந்தக் கச்சேரியை நடத்துவது இறகல்ல, இறகைத் தாங்கும் பேரிங்.

கெட்டுப்போன மலிவு ஃபேன் ஒன்றின் நடுவிலுள்ள ஸ்டிக்கரை நகத்தால் உரித்துப் பார்க்கலாம். அடியில் சின்ன ரப்பர் மூடி, அதற்கடியில் கடுகளவு பிளாஸ்டிக் வளையம், அதற்குள் ஊசியைவிடச் சற்றுத் தடித்த தண்டு. தண்டு நிற்பது நுண்துளைகளுள்ள ஓர் உலோகக் குழாயில். பட்டறையில் அதை 'புஷ்' என்பார்கள். அந்தத் துளைகளில் ஊறிய எண்ணெய்தான் தண்டுக்கும் குழாய்க்கும் நடுவே இருக்கும் ஒரே சமாதானம். புதிதில் தேன் நிறத்தில் இருந்த எண்ணெய், இரண்டு கோடை தாண்டியபின் கறுத்து, பஞ்சுத் தூசியோடு கலந்து வண்டி மை போல இருக்கும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. அறை 38 டிகிரி என்றால் காபினெட்டுக்குள் 45-ஐத் தாண்டும். எண்ணெய் வற்றினால் தண்டு குழாயைத் தேய்க்கும், தேய்ந்த இடத்தில் ஆடும், ஆடினால் முனகும். ஆக முனகலும் மரணமும் ஒரே நோயின் இரண்டு கட்டங்கள். சத்தமில்லாத ஃபேன் வேண்டும் என்று கேட்பவர் உண்மையில் கேட்பது, எண்ணெய் வற்றாத ஃபேன்.

இந்த உண்மையை இந்தச் சமவெளிக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பதுதான் வியப்பு. நாமக்கல்லின் லாரி ஓடுவது பேரிங்கில். திருச்செங்கோட்டின் ரிக் வண்டி பூமியைத் துளைப்பது பேரிங்கில். அம்மாபேட்டையின் விசைத்தறி ஓடுவதும் அதே தயவில். ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, 'முன் பேரிங் போச்சுங்க' என்று வியாதி சொல்லும் மெக்கானிக்குகள் நிறைந்த ஊர்கள் இவை. லாரி வாங்கும்போது அச்சாணியைப் பார்க்கிறவர்கள், கம்ப்யூட்டர் ஃபேன் வாங்கும்போது மட்டும் 'கலர் கலரா லைட் எரியுமாங்க?' என்று கேட்கிறார்கள். மாரியம்மன் பண்டிகைக்குச் சீரியல் பல்பு கட்டுவது வேறு, சூட்டைக் கடத்துவது வேறு. லைட்டுக்குக் கொடுத்த காசு பேரிங்கில் இல்லாமற் போன காசு.

பேரிங்குகளில் மூன்று குடிகள் உண்டு. மேற்சொன்ன புஷ் முதலாவது. புதிதில் மிகவும் சாது, விலையும் குறைவு, வெயில் ஆகாது. இரண்டாவது பால் பேரிங்: வெப்பத்தைத் தாங்கும், படுக்கவைத்து மாட்டினாலும் உழைக்கும், ஆனால் முதல் நாளிலிருந்தே மெல்லிய உறுமல் உண்டு. மூன்றாவது, சுழலும் வேகத்திலேயே எண்ணெய்ப் படலத்தை அழுத்தி, தண்டு உலோகத்தைத் தொடாமல் மிதக்கும்படி செய்கிற திரவ பேரிங். எண்ணெய் வெளியேறாதபடி மூடியும் இருக்கும். ஆஸ்திரியாவின் நாக்டுவா போன்ற நிறுவனங்கள் இந்த வகையை நம்பி ஆறு ஆண்டு வாரண்டி தருகின்றன, 1,50,000 மணி நேரம் என்று பெட்டியிலும் போடுகின்றன. இரவுபகலாக ஓடினால் அது 17 ஆண்டு. அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சராசரிக் கணக்கு, அதுவும் நம் வெயிலைக் கேட்டுப் போட்டதல்ல. ஆனால் 30,000 மணி என்று மட்டும் சொல்லத் துணிகிற ஃபேனோடு ஒப்பிட அது போதும்.

பேரிங்குக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது உடல் அளவு, அதுவும் பேரிங்கின் பொருட்டே. ஃபேன் தள்ளும் காற்று, வேகத்தோடு நேராகவும் விட்டத்தோடு மும்மடியாகவும் ஏறும். 80 மில்லிமீட்டர் ஃபேன் 2700 சுற்றில் தள்ளும் காற்றை, 120 மில்லிமீட்டர் ஃபேன் 800 சுற்றிலேயே தள்ளிவிடும். ஃபேன் விதிகளின்படி பெரியதன் ஓசை ஏறக்குறைய 14 டெசிபெல் குறைவு. கூடவே அதன் தண்டு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் சுற்றுகிறது. அமைதியும் ஆயுளும் ஒன்றே என்ற நம் கோட்பாட்டுக்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை: ஒரே காரணம் இரண்டையும் தருகிறது. 22 டிகிரி அறையில் சோதித்து எழுதும் வெளிநாட்டு மதிப்புரைகளை நம்பி அளவைக் குறைப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. பிராசஸர் 95 டிகிரியில் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் என்றால், அவர்களுக்கு 73 டிகிரி இடைவெளி. மே மாத அஸ்தம்பட்டிக்கு 57 மட்டுமே. அதே சூட்டை வெளியேற்ற இங்கே சுமார் 28 விழுக்காடு கூடுதல் காற்று வேண்டும். அதை வேகத்தால் ஈடுகட்டினால் 5 டெசிபெல் ஏறும், எண்ணெயும் சீக்கிரம் வற்றும்.

இனி மறுப்புகள். 'சி.பி.யூ. மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தால் போதாதா?' இந்த நாட்டு வைத்தியம் வேலை செய்யும் என்பதை மறுக்க இயலாது. ஆனால் ஏன் வேலை செய்கிறது? டேபிள் ஃபேன் அகலமானது, அதே காற்றுக்கு மெதுவாகச் சுற்றினால் போதும். எதிர்வாதியே நம் சாட்சியாகிவிட்டார். தெருப் புழுதி நேரே உள்ளே போய் இறகுகளின் முன்விளிம்பில் கம்பளிபோல் படிவதும், எடை கூடி அவை ஆடத் தொடங்குவதும் அவர் சொல்லாமல் விட்ட மிச்சக் கதை. முன்னால் வடிகட்டியோடு உள்ளிழுக்கும் ஃபேன் இரண்டு, பின்னால் வெளித்தள்ளும் ஃபேன் ஒன்று என்று வைத்தால், இடுக்குகள் வழியே தூசி நுழைவது குறையும். 'நாலு பின் ஃபேன் தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமே?' குறைத்துக்கொள்ளும், வாங்கவும் வேண்டும். ஆனால் தேய்ந்த புஷ் மெதுவாகச் சுற்றினாலும் தேய்ந்த புஷ்தான். 'தண்ணீரால் குளிர்விக்கலாமே?' அந்தத் தண்ணீரையும் ஒரு பம்பு தள்ள வேண்டும், ரேடியேட்டர்மேல் ஃபேனும் ஓட வேண்டும்; ஒரு பேரிங் கவலைக்குப் பதில் இரண்டு. 'கெட்டால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போயிற்று' என்பார் சிக்கனக்காரர். தையல் மெஷின் எண்ணெய் சில மாதம் வாய்தா வாங்கித் தரும். தேங்காய் எண்ணெய் விட்டவர் மட்டும் கவனிக்க: அது 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும், மார்கழிக் காலையில் சுவிட்சைப் போட்டால் ஃபேன் எழுந்திருக்க மறுக்கலாம்.

கடைசி மறுப்பே வலுவானது. சீலிங் ஃபேன் ஓடும் நிலத்தில் யார்தான் இதையெல்லாம் கேட்கப் போகிறார்கள்? விடை பொழுதில் இருக்கிறது. முன்பனியும் பின்பனியும் சேர்ந்து மார்கழி முதல் பங்குனி வரை என்பது இலக்கணம். பங்குனி வெயிலை அனுபவித்த சேலத்துக்காரர் அந்தக் கணக்கில் பாதியைத் தள்ளுபடி செய்துவிடுவார். மிஞ்சும் மார்கழி, தை இரவுகளில்தான் அஸ்தம்பட்டியில் சீலிங் ஃபேன் நிற்கும். அப்போது, சித்திரை முதல் ஐப்பசி வரை வறுபட்டு வந்த பேரிங் தன் வரலாற்றை முழுதும் சொல்லும். கோடை ஃபேனைத் தேய்க்கிறது, குளிர்காலம் அதைக் காட்டிக்கொடுக்கிறது. ஆகவே ஃபேனை மார்கழியில் வாங்குவதே முறை. கடையில் தலைக்கு மேல் எதுவும் சுற்றாது. 12 வோல்ட் கொடுத்து ஓடவிட்டு, நாமக்கல் மெக்கானிக்கைப் போலவே ஸ்க்ரூடிரைவரைச் சட்டத்தில் ஊன்றிக் காதில் வைத்துக் கேட்கலாம். ரவுண்டானாவில் எத்தனை பஸ் ஹாரன் அடித்தாலும் எலும்பு வழியே வரும் முனகலை அது மறைக்காது. மார்கழியில் நல்ல காரியம் எதுவும் தொடங்கக்கூடாதே என்று பெரியவர்கள் தடுக்கலாம். ஃபேன் மாற்றுவது நல்ல காரியத்தில் சேராது, நடந்துபோன கெட்ட காரியத்துக்குப் பரிகாரம் என்று சொல்லி, 120 மில்லிமீட்டரில் திரவ பேரிங் கேட்டு வாங்கி வரலாம்.