மோட்டாரை என்ன செய்வது?

பெரும்பாக்கத்தில் நான் குடியிருக்கும் அப்பார்ட்மென்ட்டில் முப்பத்திரண்டு வீடுகள். பாதிப்பேர் சோழிங்கநல்லூர்ப் பக்கம் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர்கள். வங்காளி, ஒடியா, தெலுங்கு எல்லாம் உண்டு. அதனால் வாட்ஸப் குழுவில் ஆங்கிலம்தான், எதுவானாலும் குழுவில்தான் போட வேண்டும், ஜன்னலில் நின்று கத்தக்கூடாது என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டாயிற்று. கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

போன மே மாதம் ஒருநாள் காலை ஆறு மணிக்கு மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம். அத்தனையும் லாரித் தண்ணீர், முந்தின நாள்தான் காசு கொடுத்துச் சம்ப்பில் இறக்கியது. யாரோ மோட்டாரைப் போட்டுவிட்டு மறுபடி படுக்கப் போய்விட்டார்கள். தீர்மானத்தை மதிப்பவன் என்பதால் செல்லை எடுத்தேன்.

'ப்ளீஸ்' என்பதுவரை சிக்கலில்லை.

அடுத்து 'க்ளோஸ்' என்று அடித்தேன். கதவை மூடலாம், பேங்க் கணக்கை மூடலாம். மோட்டாரை எதைப் போட்டு மூடுவது, போர்வையையா? அழித்தேன். 'ஷட்' என்றாலே அடுத்து 'அப்' வந்து ஒட்டிக்கொள்ளும் போலிருந்தது. செயலாளருக்கும் எனக்கும் ஏற்கெனவே பார்க்கிங் தகராறு, வேண்டாம். 'ஸ்டாப்' பஸ்ஸுக்கு. 'புட் ஆஃப்' கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குத் தள்ளிப்போடுவது என்று அர்த்தம் என மகள் ஒருமுறை என்னைத் திருத்தியிருக்கிறாள். வழிகிற தண்ணீரை நாளைக்குத் தள்ளிப்போடச் சொன்னதாகிவிடும். 'டர்ன் ஆஃப்' என்றால் திருப்ப ஏதாவது இருக்க வேண்டாமா? எங்கள் மோட்டாருக்கு இருப்பது பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று, இரண்டு பொத்தான். கோ, வென்ட், கான் என்று பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்ட பட்டியலில் மோட்டார் எங்கேயும் வரவில்லை.

இவ்வளவும் நடந்தது செம்மொழிச் சாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. 2022 ஜனவரி 12 அன்று அங்கே செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் புதுக் கட்டடம் திறந்தார்கள். ஏரியாவுக்கு மதிப்புக் கூடிவிட்டது என்று நாங்களும் மகிழ்ந்தோம். சதுரஅடி விலையைத்தான் சொன்னோம். உள்ளே தொல்காப்பியம் ஆராய்கிறார்கள். அதில், ஒன்றைக் கேட்டு வாங்குவதற்கே மூன்று சொல் வகுத்திருக்கிறது: தாழ்ந்தவன் கேட்டால் 'ஈ', சமமானவன் கேட்டால் 'தா', உயர்ந்தவன் கேட்டால் 'கொடு'. பி.ஏ.வில் இதைப் படித்து என்ன நுட்பம் என்று பூரித்தவன் நான். அதையே ஆங்கிலக்காரன் செய்தால் அநியாயம் என்கிறேன். அவன் பாடும் பாவம்தான். நாம் துணியைத் துவைக்கிறோம், பாத்திரத்தைத் துலக்குகிறோம், அரிசியைக் களைகிறோம், கையைக் கழுவுகிறோம். அவனுக்கு நாலும் 'வாஷ்'. அதில் மிச்சம் பிடித்ததையெல்லாம் சேர்த்துவைத்து, மூடுவதிலும் நிறுத்துவதிலும் செலவழித்துவிட்டான் போலிருக்கிறது. நாம் மட்டும் என்ன, சட்டை, ஊசி, டீ, கோலம், சண்டை அத்தனையையும் ஒரே 'போடு'வில் முடித்துக்கொள்கிறவர்கள்தானே.

"என்னங்க, தண்ணி தெருவுக்கே போயிடுச்சு. போன்ல என்ன பண்றீங்க?"

"வார்த்தை தேடறேன்."

அவள் ஏதோ சொன்னாள். அதற்குச் சரியான ஆங்கில வினைச்சொல் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

அப்போது மூன்றாம் மாடி வங்காளிப் பையன், வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, வாயில் பிரஷ்ஷோடு ஜன்னலில் தலையை நீட்டி வாட்ச்மேனைப் பார்த்துக் கத்தினான்: "அண்ணா! மோட்டார் ஆஃப் பண்ணுங்க!"

சத்தம் நின்றது. ஆங்கிலத்தில் எந்தச் சொல் கையில் அகப்பட்டாலும் பின்னால் ஒரு 'பண்ணு' சேர்த்தால் தமிழ்நாட்டில் வேலை நடந்துவிடும் என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

பதற்றத்தில் என் விரல் எங்கேயோ பட்டிருக்கிறது. காபி குடித்துவிட்டுக் குழுவைத் திறந்தால், அன்றைய முதல் செய்தி என்னுடையது: 'ப்ளீஸ்'. அவ்வளவுதான். அதற்குப் பதினோரு பேர் கும்பிடு போட்டிருந்தார்கள்.