டவர் இல்லேன்னு சொல்லி எத்தினி நாளு ஓட்டுவ?

ஏண்டா பேராண்டி, தண்ணி டேங்கு மேல ஏறி ஒத்தக் கையத் தூக்கிக்கினு யார்கிட்ட வரம் கேக்குற? அங்காளம்மன் கோயிலு அந்தாண்ட இருக்குது, நீ இந்தாண்ட திரும்பி நிக்கிற. எறங்கு மொதல்ல. உங்கப்பன் மல்லாட்ட வித்த காசுல வூட்டுக்கு ஃபைபர் இழுத்து வச்சிருக்கான். அதுல ராவெல்லாம் ரீல்ஸ் பாக்குற. ஒரு போன் பேசணும்னா மட்டும் டேங்கு ஏணி கேக்குது ஒனக்கு.

உன் போனுக்குள்ளாறவே ஒரு சுவிட்சு சும்மா கெடக்குது. செட்டிங்ஸ்ல சிம் கார்டு பக்கம் போய்ப் பாரு, ‘வைஃபை காலிங்’னு போட்டிருக்கும். அதத் தள்ளி வுடு. ரொம்பப் பழைய போனா இருந்தா இருக்காது. ஆனா நீதான் உங்கம்மா கம்மல அடகு வச்சி புதுசு வாங்குனவனாச்சே, கண்டிப்பா இருக்கும்.

எழுவது வயசுக் கெழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காத. செஞ்சியில போன் கடைத் திண்ணையில ஒக்காந்தா ஊர்க் கதையோட இதுவும் காதுல வுழும். 2018ல பி.எஸ்.என்.எல்.காரன் ‘விங்ஸ்’னு ஒண்ணு கொண்டாந்தான். வருசத்துக்கு 1,099 ரூபா, தனி ஆப்பு, புதுசா ஒரு பத்து இலக்க நம்பரு. நம்மூர்ல இருக்குற நம்பரயே எவனும் மனப்பாடம் பண்றதில்ல, ரெண்டாவது நம்பர எவன் சொமப்பான்? 2019 டிசம்பர்ல ஏர்டெல்லும், அடுத்த மாசமே ஜியோவும் அந்தத் தொல்லை இல்லாம செஞ்சிட்டாங்க. அதே நம்பரு, ஆப்பு வாணாம், தனிக் காசும் இல்ல.

வாட்ஸாப்புல பேசுறதும் இதுவும் ஒண்ணுதானேன்னு கேப்ப. எப்படிடா ஒண்ணாவும்? வாட்ஸாப்புக்கு அந்தாண்ட இருக்குறவன்கிட்டயும் அதே ஆப்பு வேணும், நெட்டு வேணும். அவலூர்பேட்டையில உங்க அத்த பட்டன் போன்தான வச்சிருக்குது? இதுல நீ வழக்கம்போல நம்பரப் போட்டா, அதுக்கு வழக்கம்போல மணி அடிக்கும். நீ வைஃபையில பேசுறன்னே அதுக்குத் தெரியாது. துபாய்ல வாட்ஸாப்பு காலத் தடுத்து வச்சிருக்கான் இல்ல? அதனால உன் சித்தப்பன் காசு போட்டு நேரா நம்பருக்கு அடிக்கிறான். நீ அடுப்படியில ஒக்காந்துக்கினே எடுக்கலாம். உன் சிம்மு, நான் இன்னார் வூட்டுப் புள்ளன்னு வைஃபை வழியா கம்பெனிக்காரன்கிட்ட ரகசியமா அடையாளம் காட்டும். அவன் ஒத்துக்கினா பூட்டுப் போட்ட பாதை ஒண்ணத் தொறந்து வுடுவான். பேச்சு பூரா அதுவழியாப் போவும். டவரத் தொடவே தொடாது.

டவரத் தொடாதுங்குறதுலதாண்டா நம்ம ஊருக்கு ஆதாயம். சில வூடு கிணத்துக்குள்ள இருக்குற மாதிரி பள்ளத்துல இருக்குது, சிக்னல் வரல, அது வேற. அமாவாச ராத்திரிய நெனச்சிப் பாரு. அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கு எங்கெங்கருந்தோ சனம் வந்து குவியுது. மாசியில மயானக்கொள்ளைத் திருவிழான்னா கேக்கவே வாணாம். போன்ல நாலு கோடும் நிமுந்து நிக்கும், ஆனா கால் போவாது. டேங்கு மேல ஏறுனாலும் போவாது. கோடு காட்டுறது டவரு கிட்டத்துல இருக்குதுன்னு மட்டும்தான், அதுல எடம் இருக்குதுன்னு இல்ல. திருவண்ணாமல பஸ்ஸு கண்ணு முன்னால நிக்கும், ஏற முடியாது, பாத்திருக்கிற இல்ல, அந்தக் கதை. ஒரு டவரு ஒரே நேரத்துல இத்தினி பேரத்தான் தாங்கும்னு கணக்கு இருக்குது. நீ வூட்டு வைஃபையில பேசுனா அந்தக் கூட்டத்துல முட்டிமோத வாணாம். கோயிலாண்ட புள்ளயத் தொலச்சிட்டு அலையுற ஒருத்தருக்கு அந்த எடம் கெடைக்கும். ஊருக்குப் புண்ணியம் பண்ண ஒனக்கு வேற வழி இருக்குறதா எனக்குத் தோணல.

அதுக்காக வைஃபை இருக்குதேன்னு ரீசார்ஜ் பண்ணாம வுட்டுடாத. பேசுறது எதுல போனாலும் பில்லு உன் சிம்முலதான். அது செத்தா இதுவும் செத்துது. அப்புறம், பேசிக்கினே வாசல் தாண்டி வளத்தி ரோட்டுல நடந்தின்னா, வெளிய 4ஜி நல்லா இருந்தா பேச்சு அறுவாம டவருக்கு மாறிக்கும். 4ஜி இல்லேன்னா நடு வாக்கியத்துல கட்டாவும். மாமியா கிட்ட பேசுறப்போ அது தேவைப்பட்டாலும் படும், வச்சிக்க.

கரண்டு போனா வைஃபை பொட்டி அணைஞ்சிடும், அதோட வைஃபை காலும் அணைஞ்சிடும். நீ மறுபடி டேங்கு ஏணிதான். பொட்டிக்கின்னே சின்ன பேட்டரி விக்கிறாங்க, உங்கப்பன்கிட்ட கேளு, திட்டிட்டு வாங்கித் தருவான்.

இப்போ சுவிட்ச தள்ளப் போறியா? கொஞ்சம் இரு. அவசரப்படாத. இந்தாண்ட ஒரு சங்கதி இருக்குது.

சீட்டுக்காரரு போன வாரம் என்னக் கேட்டாரு: “உங்க பேரன் நம்பருக்கு அடிச்சா எப்பவும் தொடர்பு எல்லைக்கு வெளியன்னே வருது, பையன் ஊர்ல இல்லியா?” உன் மாமனாரும் அதையேதான் கேட்டாரு. நான் ரெண்டு பேர்கிட்டயும் டவரத்தான் திட்டுனேன். டவரு பாவம், வாய் இல்லாத ஜென்மம், எவ்ளோ பழி போட்டாலும் தாங்கும். அந்தப் பழிய வச்சி இந்த ஊர்ல எத்தினி குடும்பம் மானத்தோட பொழைக்குதுன்னு ஒனக்குத் தெரியாது. சுவிட்ச தள்ளுன அன்னைக்கே அந்தச் சாக்கு போச்சி. பாத்ரூம்ல இருந்தாலும் மணி அடிக்கும்.

தப்பிக்கிறதுன்னதும் ஒரு பழைய கதை ஞாபகம் வருது. நம்ம செஞ்சிக் கோட்டைய மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690லருந்து 1698 வரைக்கும் சுத்தி வளச்சிக்கினு கெடந்தான். கடைசியில கோட்டையப் புடிச்சான், ஆனா யாரப் புடிக்க வந்தானோ அந்த மராட்டிய ராஜா ராஜாராமன் அதுக்கு முன்னாடியே நழுவிட்டாரு. 2025 ஜூலையில யுனெஸ்கோகாரன் அந்தக் கோட்டைய உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்தப்போ, கல்லுக்கும் மதிலுக்கும்தான் குடுத்தான்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. தப்பிக்கிற வித்தைக்கும் சேத்துதான் குடுத்திருப்பான்னு நான் நெனைக்கிறேன். ராஜாராமன் காலத்துல வைஃபை காலிங் இருந்திருந்தா, மதிலத் தாண்டுறதுக்குள்ள மடியில மணி அடிச்சிருக்கும்.

சரி, தள்ளு. வாணாம்னு சொன்னா நாளைக்கி உங்கம்மா என்னத்தான் திட்டும். டேங்குலருந்து வுழுந்து கால ஒடிச்சிக்கிறதுக்கு, சீட்டுப் பணத்தக் கட்டிட்டுப் போறது மலிவு. என் போனக் கேக்காத, அது பட்டன் போனு, இந்தச் சுவிட்சு அதுல இல்ல. ஏன் மாத்தலன்னும் கேக்காத.

சாக்கு இல்லாம எப்படிப் பொழைக்கிறதுன்னு மூஞ்சத் தொங்கப் போடாத. கரண்டு இல்ல, பொட்டி அணைஞ்சி போச்சின்னு சொல்லலாம், அது இன்னும் செல்லும். ஆனா சீட்டுக்காரரு வூடு ஒனக்கு எதிர்வூடுதான? சொல்றதுக்கு முன்ன அவரு வூட்டு டிவி ஓடுதான்னு எட்டிப் பாத்துட்டுச் சொல்லு.