வரக்காப்பியும் ஆறு தோட்டாவும்

உங்களுக்கும் ஒரு கெட்ட பழக்கமாவது இருக்கும். சீட்டு, வெற்றிலை, ராத்திரி பத்து மணிக்கு மேல் டிவியில் அரசியல் விவாதம் பார்ப்பது, இப்படி ஏதோ ஒன்று. எனக்கு இருப்பது கௌபாய் கதை. அதிலும் பளபளப்பாகப் புதிதாக வருவது ஒத்துக்கொள்ளாது. தொண்ணூறு, நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் பத்துப் பதினைந்து சென்ட்டுக்கு விற்ற மட்டக் காகிதப் பத்திரிகையாக இருக்க வேண்டும். அட்டையில் கண்ணை இடுக்கிக்கொண்டு ஒருத்தன் துப்பாக்கி நீட்ட வேண்டும். அப்போதுதான் எனக்குச் சாப்பிட்ட சோறு செரிக்கும். "சுகர் வந்தாச்சு, பிரஷர் வந்தாச்சு, இனிக் குதிரை ஒண்ணுதானுங்க பாக்கி" என்று என் மனைவி உறவுக்காரர்களிடம் சொல்லிவைத்திருக்கிறாள். கேட்டவர்கள் யாரும் மறுத்ததாகத் தகவல் இல்லை.

ஆரம்பம் கல்லூரி நாட்களில், கோயம்புத்தூர் வாடகை நூலகத்தில். ஆலிவர் ஸ்ட்ரேஞ்சின் 'சடன்' கதைகளும் ஜே.டி. எட்சன் கதைகளும் அங்கே முதுகு கிழிந்து, செலோ டேப்பில் உயிர் பிழைத்துக்கொண்டிருந்தன. இரண்டு பேரும் இங்கிலாந்துக்காரர்கள். எட்சன் பட்டாளத்தில் நாய்களைப் பழக்கியவர், பிறகு தபால்காரர். அந்தத் தபால்காரர் நூற்றுமுப்பதுக்கும் மேலே டெக்சாஸ் நாவல் எழுதினார். தமிழில் படிக்கத் தோன்றினால் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் வரும், அதில் டெக்ஸ் வில்லர் வருவார். டெக்சாஸ் ஆசாமி, 1948-இல் இத்தாலியில் பிறந்து, சிவகாசியில் தமிழ் பேசியதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஆனாலும் மூலஸ்தானத்தை ஒருமுறை தரிசிக்க வேண்டாமா? டல்லாஸில் இருக்கும் தங்கை மகன் ஊருக்கு வரும் முன் போன் செய்து, "மாமா, உங்களுக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்றான். பக்கத்தில் என் மனைவி பாதாம், பிஸ்தா என்று விரல் விட்டு ஜாடை காட்டிக்கொண்டிருந்தாள். நான் "பழைய பத்திரிகை" என்றேன். பையன் நல்லவன், தேடிப் பிடித்து, சட்டைகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்தான். "ஊரே பழைய பேப்பரைக் கிலோக் கணக்குல எடைக்குப் போடுது. அமெரிக்காவுல இருந்து பெட்டியில வெச்சுக் கொண்டாந்த குடும்பம் நம்ம குடும்பந்தானுங்க" என்றாள் மனைவி.

அந்தக் காகிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரக்கூழில் செய்த மலிவான சரக்கு. 1896-இல் ஃபிராங்க் மன்சி என்பவர் தம்முடைய 'ஆர்கசி' பத்திரிகையை முழுக்க இந்தக் காகிதத்துக்கு மாற்றினார். கதை நன்றாக இருந்தால் தாளை யார் தடவிப் பார்க்கிறார்கள் என்ற கணக்கு. கணக்குப் பலித்தது, பின்னாலேயே ஒரு படை கிளம்பியது. ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் கம்பெனி 1919-இல் தொடங்கிய 'வெஸ்டர்ன் ஸ்டோரி மேகசின்' 1949 வரை ஓடியது. ரயிலில் படித்துவிட்டு இறங்கும் இடத்தில் வீசிவிட்டுப் போவதற்காக அச்சடித்தவை. நான் ஒருத்தன் கோயம்புத்தூரில் படுத்துக்கொண்டு படிக்கப்போகிறேன் என்று அவர்கள் நினைத்திருக்க நியாயமில்லை. காகிதத்திலேயே இருக்கும் அமிலம் அதை உள்ளுக்குள் தின்றுகொண்டிருக்கும். பக்கத்தைத் திருப்பினால் அப்பளம் மாதிரி ஓரம் நொறுங்கும். தலையணை, போர்வை, பனியன் எல்லாம் பழுப்புத் தூள். ஒருநாள் காலையில் நான் எழுவதற்குள் மனைவி கட்டிலைச் சுற்றிப் பெருக்கிவிட்டாள். அரிசோனாவில் நடந்த ஒரு துப்பாக்கிச் சண்டையின் கடைசிப் பக்கம் முறத்தோடு போய்விட்டது. நஷ்டம் ஒன்றுமில்லை. இந்தக் கதைகளில் யார் ஜெயிப்பார் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

அதில்தான் சுகமே இருக்கிறது. புழுதியோடு ஒரு வேற்றாள் ஊருக்குள் வருகிறான். ஒரு கிழவரின் பண்ணையை வளைக்கப் பெரிய புள்ளி ஒருவன் திட்டம் போட்டிருக்கிறான். ஷெரீஃப் அவன் கையாள். கிழவருக்கு ஒரு பெண். இருபது பக்கத்தில் பெரிய புள்ளி மண்ணில் கிடப்பான், வேற்றாள் குதிரை ஏறிவிடுவான். அங்கே கஷ்டத்துக்கு ஒரு பெயர், ஒரு முகம், ஒரு மீசை உண்டு. என் வீட்டில் மோட்டார் காயில் எரிகிறது, மாடியில் தண்ணீர் ஒழுகுகிறது, கடைசி வாரத்தில் காஸ் தீர்கிறது. யாரைச் சுடுவது? வேற்றாளுக்கு இன்னொரு வசதி, நிரந்தர விலாசம் கிடையாது. ஆகவே எந்தப் பில்லும் அவனுக்குப் போய்ச் சேராது.

நான் படிக்கும்போது தோட்டாவை எண்ணுவேன். 1873-இல் வந்த கோல்ட் கம்பெனி ரிவால்வரில் ஆறு தோட்டா போடலாம். விவரம் தெரிந்தவர்கள் ஐந்துதான் போடுவார்கள், தவறி வெடித்துத் தொடையைத் துளைக்காமலிருக்கச் சுத்திக்கு நேரே ஓர் அறையைக் காலியாக விடுவார்கள். கதாநாயகர்கள் சர்வசாதாரணமாக ஒன்பதாவது தடவை சுடுவார்கள். அந்த இடத்தில் பென்சிலால் ஓரத்தில் குறித்துவைப்பேன். இதை மனைவி பார்த்துவிட்டாள். "ஏனுங், மளிகைச் சீட்டை ஒருவாட்டியாச்சும் இப்படி எண்ணிப் பார்த்திருக்கீங்களா?" என்றாள். நான் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு காஸ் புக் பண்ணப் போனேன்.

எழுதினவர்கள் யார் என்று பார்த்தால் எனக்கு இன்னும் நெருக்கமாகிவிடுகிறார்கள். ஜேன் கிரே நியூயார்க்கில் பல் டாக்டர். அவராவது அரிசோனாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினார். 1907-க்குள்ளேயே ஹாப்பலாங் காசிடி என்ற கௌபாயை உலவவிட்ட கிளாரன்ஸ் மல்ஃபோர்டு, புரூக்ளினில் கல்யாண லைசென்ஸ் கொடுக்கும் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். மேற்குப் பக்கம் அவர் முதன்முதலாகப் போனது 1924-இல். பகலெல்லாம் ஜோடி ஜோடியாகக் கல்யாணத்துக்கு அனுமதி எழுதிக்கொடுத்தவருக்கு, தனியாகக் குதிரையில் போகும் ஆளைப் பற்றி எழுத ஏன் தோன்றியது என்று நான் விளக்கப்போவதில்லை. இதை என் மனைவியும் படிப்பாள்.

எல்லாரிலும் பெரிய கை மேக்ஸ் பிராண்ட். நிஜப்பெயர் ஃபிரெடெரிக் ஃபாஸ்ட். அவர் ஆசைப்பட்டதெல்லாம் கவிஞராக வேண்டுமென்றுதான், கிரேக்க புராணங்களை வைத்துக் காவியம் பாட வேண்டுமென்றுதான். காவியம் அரிசி வாங்கிக் கொடுக்காது என்பது எல்லா நாட்டுக்கும் பொது. ஆகவே சொந்தப் பெயரைக் கவிதைக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, கௌபாய் கதையைப் புனைபெயர்களில் கொட்டினார். ஒரே இதழில் இரண்டு மூன்று பெயர்களில் வருவார். இத்தாலியில் ஃப்ளோரன்ஸ் நகரத்தில் ஒரு பங்களாவில் உட்கார்ந்துகொண்டு டெக்சாஸ் புழுதியைக் கிளப்பினார். அந்த இத்தாலியிலேயே 1944-இல், போர் நிருபராகப் போன இடத்தில் குண்டுச் சிதறல் பட்டு இறந்தார். கூலி வார்த்தைக் கணக்கு. சாதாரண எழுத்தாளருக்கு வார்த்தைக்கு ஒரு சென்ட், அவரைப் போன்ற நட்சத்திரங்களுக்கு அதைவிடப் பல மடங்கு. கதாநாயகன் மதுக்கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவதற்கு ஏன் முக்கால் பக்கம் ஆகிறது என்று இப்போது புரிகிறதா? வீட்டில் அன்றைக்குப் பால் பாக்கி இருந்திருக்கும்.

இத்தனை பேர் அறைக்குள் உட்கார்ந்தே குதிரை ஓட்டியிருக்கும்போது நான் மட்டும் நிஜக் குதிரை ஏறிப் பார்த்தேன். ஊட்டி ஏரிக்கரையில். ஏறுவதற்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். டெக்சாஸில் யாருக்கும் ஸ்டூல் போட்டதாக நான் படித்ததில்லை. குதிரைக்காரப் பையன் கயிற்றைப் பிடித்து நடத்திப் போனான். குதிரை நேராகக் கேரட் விற்கும் அம்மாவிடம் போய் நின்றுவிட்டது. நான் கடிவாளத்தைச் சுண்டினேன், முழங்காலால் இடித்தேன், மேக்ஸ் பிராண்ட் சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். "சார், ஆடாம உக்காருங்க, அது சாப்பிடுது" என்றான் பையன். கேரட்டுக்கும் நான்தான் காசு கொடுத்தேன்.

என் மாமனார் பொள்ளாச்சிப் பக்கம். நிஜமாகவே மாடு வைத்திருக்கிறவர். அவரிடம் மாட்டுக் கதை சொல்லப் போனது என் ஜாதக விசேஷம். 1867-இலிருந்து சுமார் இருபது வருஷம், டெக்சாஸிலிருந்து ரயில் வந்துவிட்ட கான்சாஸ் ஊர்களுக்கு மாடுகளை மாதக்கணக்காக நடத்தியே கொண்டுபோனார்கள். ஒரு மந்தையில் இரண்டாயிரம், மூவாயிரம் உருப்படி. ஓட்டுவதற்கு ஒரு டஜன் ஆள். மாசச் சம்பளம் முப்பது, நாற்பது டாலர். சமையல் வண்டி கூடவே போகும், ராத்திரி நெருப்பு மூட்டி அவரைக்கொட்டையும் கறுப்புக் காப்பியும். ஆர்பக்கிள் கம்பெனிக் காப்பிப் பொட்டலத்துக்குள் ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய்க் குச்சி இருக்கும், கொட்டை அரைத்துக் கொடுப்பவனுக்கு அது பரிசு. இவ்வளவையும் நான் உணர்ச்சியோடு சொல்லி முடித்தேன். மாமனார் வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "ஏனுங் மாப்ள, மூவாயிரம் மாட்டை ஓட்டீட்டுப் போறவன் வரக்காப்பியா குடிக்கறான்?" என்றார். அவை இறைச்சிக்கான மாடுகள், பால் கறக்கப் பழக்கியவை அல்ல என்றேன். "கறக்கத் தெரியாதவனெல்லாம் என்ன பண்ணையக்காரனுங்க" என்று சொல்லிவிட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டார். 1874-இல் கிளிடன் என்பவர் முள்கம்பி வேலிக்குக் காப்புரிமை வாங்கியதும் அந்தத் திறந்த மேய்ச்சலுக்கெல்லாம் முடிவு காலம் வந்தது என்ற விஷயத்தை நான் அவருடைய முள்கம்பி வேலியிடம்தான் சொல்ல முடிந்தது.

படித்ததை வாழ்க்கையில் கடைப்பிடிக்க வேண்டும் என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் கேட்டுக்குக் குறுக்கே காரை நிறுத்துகிறார். கதாநாயகர்கள் இந்த மாதிரி சமயத்தில் பேசுவதில்லை, கண்ணை இடுக்கிப் பார்ப்பார்கள், எதிராளிக்கு வியர்க்கும். நான் கண்ணாடி முன்னால் பழகிக்கொண்டு போய், அவரை அப்படியே பார்த்தேன். அவர் பதறிப்போய், "என்னங்க, கண்ணுல புரை விழுந்திருக்குதா? நமக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்கறாருங்க" என்று என்னைக் கையைப் பிடித்து ரோடு தாண்டிவிட்டார். கார் இன்னும் அங்கேதான் நிற்கிறது. நிஜச் சண்டைகளும் அப்படியொன்றும் பிரமாதமில்லை. 1881-இல் டூம்ஸ்டோன் ஊரில் நடந்த ஓகே கொரால் சண்டைக்கு இத்தனை சினிமா எடுத்திருக்கிறார்கள். அது சுமார் முப்பது விநாடி நடந்த சண்டை. ஊருக்குள் துப்பாக்கி எடுத்து வரக் கூடாது என்ற சட்டத்தை அமல்படுத்தப் போய் வந்த வினை. எங்கள் வீட்டில் சட்னிக்கு உப்புப் போதாது என்று சொன்னால் அதைவிட நீளமாகப் போகும். அதற்கு யாரும் படம் எடுப்பதில்லை.

மகள் சரித்திரம் படிக்கிறாள். ஒரு கதையை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இந்தப் பண்ணையெல்லாம் முதல்ல யாரோட நிலம்?" என்றாள். 1864-இல் நவஹோ ஜனங்களை முந்நூறு மைலுக்கு மேல் நடத்தியே விரட்டினார்கள் என்பதை அவள்தான் சொன்னாள். நிஜக் கௌபாய்களில் கறுப்பர்கள் ஏராளம், நாட் லவ் என்பவர் 1907-இல் சுயசரிதையே எழுதியிருக்கிறார். கயிறு வீசும் வித்தையும் சேணமும் மெக்சிகோக்காரர்கள் கற்றுக்கொடுத்தவை. பத்திரிகைக் கதையில் இவர்களில் யாரும் கதாநாயகனாக வருவது அபூர்வம். வந்தால் சமையற்காரன், இல்லாவிட்டால் எதிரி. என்னிடம் பதில் இல்லை, இருக்கவும் நியாயமில்லை. இப்போதும் படிக்கிறேன். பெரிய புள்ளி செத்த பிறகும் பண்ணை கிழவருடையதுதானா என்று மட்டும் சந்தேகம் வந்துவிடுகிறது.

கடைசி அடி வேறு திசையிலிருந்து வந்தது. தங்கை மகன் கொண்டுவந்த கட்டுக்குள் 'ராஞ்ச் ரொமான்சஸ்' என்ற பத்திரிகையும் இருந்தது. 1924-இல் தொடங்கி, மற்றதெல்லாம் மூடிய பிறகும் 1971 வரை தாக்குப்பிடித்தது. ஃபேனி எல்ஸ்வொர்த் என்ற பெண்மணி ஆசிரியராக இருந்து நடத்திய காலமும் உண்டு. துப்பாக்கியும் உண்டு, காதலும் உண்டு, பெண் வாசகர்கள் ஏராளம். நான் அதைத் தொடவில்லை, நமக்கெல்லாம் வெறும் சண்டை போதும். ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்குப் பார்த்தால் என் மனைவி என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படிக்கிறாள். "எப்படி இருக்கு?" என்றேன். தலையைத் தூக்காமலே சொன்னாள்: "இதுல வர்ற ஆம்பளைங்க பரவால்லைங்க. சொன்னாக் கேக்கறாங்க." மறுநாள் காஸ், தண்ணீர், மளிகை எல்லாம் என் தலையில். அவள் வயோமிங்கில் இருந்தாள்.

இதில் இலக்கியம் எவ்வளவு தேறும் என்று கேட்பீர்கள். தேறும். எல்மோர் லெனார்டு 1953-இல் 'டைம் வெஸ்டர்ன்' பத்திரிகையில் 'த்ரீ டென் டு யூமா' கதையை வார்த்தைக்கு இரண்டு சென்ட் வீதம் தொண்ணூறு டாலருக்கு விற்றார், ஹாலிவுட் அதை இரண்டு தடவை படமாக்கிவிட்டது. ஆனால் இலக்கியத்துக்காகவா படிக்கிறோம்? பகலெல்லாம் தோற்கிறவனுக்கு ராத்திரி அரைமணி நேரம் ஜெயிக்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். உங்கள் வீட்டுப் பரணில் இந்த மாதிரி பழைய பத்திரிகை ஏதாவது கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், எனக்கு அனுப்புங்கள். 'ராஞ்ச் ரொமான்சஸ்' என்றால் மட்டும் மேல் விலாசத்தில் என் மனைவி பெயரை எழுதிவிடுங்கள்.