பழைய ஹார்டு டிஸ்க்கின் நம்பகத்தன்மை: ஆரணித் தறிவீடுகளை முன்வைத்து ஒரு விசாரணை

ஹார்டு டிஸ்க் ஆரணிக்கு அந்நியமல்ல என்பதை முதலில் நிறுவிவிடுவோம். முந்தியில் ஏறும் மயிலும் மாங்காயும் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் தொங்கும் அட்டைகளில் துளைகளாக இருப்பவை. அதே துளையட்டை உத்தியை ஹெர்மன் ஹாலரித் 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக் கொண்டுபோனார். அவர் கம்பெனியின் வாரிசான ஐபிஎம் 1956-இல் முதல் ஹார்டு டிஸ்க்கை வெளியிட்டது. ஆகவே ஹார்டு டிஸ்க் தறிக்குக் கொள்ளுப்பேரன் முறை. இதுவரை யாரும் மறுக்காததால் நிரூபணமாயிற்று.

குணத்தில்தான் பேரன் வேறு. அட்டை ஒன்று கிழிந்தால் அந்த ஒரு ஊடையில்தான் பிசகு. காகிதம் ஒட்டித் துளை போட்டுத் தொடரலாம். டிஸ்க்கிலோ, தட்டுக்குச் சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கும் தலை ஒருமுறை உரசினால் போதும். புட்டா டிசைன், ஜரிகைக் கணக்கு, மகளின் வளைகாப்பு வீடியோ எல்லாம் ஒன்றாகப் போகும்.

இந்நிலையில் சென்னை ரிச்சி தெருவிலிருந்து தறிவீட்டு மகன் பழைய 4 டிபி டிஸ்க் வாங்கிவரலாமா என்பதே வழக்கு. அப்பா கூடாது என்கிறார். பன்னையைத் தவிர மற்றதெல்லாம் தாத்தா காலத்துச் சாமான் கொண்ட தறியில் உட்கார்ந்துதான் சொல்கிறார். மகன் கட்சியோ, ஓடித் தேறியதே உறுதி என்பது. கூகுள் 2007-இல் வெளியிட்ட, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பற்றிய ஆய்வு அப்பா பக்கம் சாய்கிறது: முதலாண்டில் பழுதானவை 1.7 சதவீதம், மூன்று வயதானவற்றில் 8.6 சதவீதத்துக்கும் மேல்.

கடைக்காரர் டிஸ்க்கைச் செருகிக் காதருகே பிடித்து, "சத்தமே இல்ல பாருங்க தம்பி" என்பார். டிக் டிக் கேட்டால் வாங்கக் கூடாது என்பது சரி. கேட்காவிட்டால் வாங்கலாம் என்பது அதிலிருந்து வராது. டிஸ்க்குக்கு ஸ்மார்ட் என்றொரு ஜாதகம் உண்டு. அதில் ஓடிய கணக்கு 35,000 மணி நேரம் என்றிருந்தால் நான்கு வருடம் ஓயாமல் உழைத்த உடம்பு. கெட்ட இடங்களை எண்ணும் 5, 197 ஆகிய கட்டங்களில் பூஜ்யம் தவிர வேறேது நின்றாலும் சம்பந்தம் வேண்டாம். ஆனால் ஜாதகத்தைத் திருத்தவும் ஆள் உண்டு: மணிக்கணக்கை அழித்து, பழைய சீகேட் டிஸ்க்குகளைப் புதிது என்றே சிலர் விற்றது 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் அம்பலமானது. திருத்தாத ஜாதகமும் முழுதாகப் பேசாது. கூகுள் ஆய்வில் செத்தவற்றில் 56 சதவீதத்துக்கும் மேலானவை முக்கியமான நான்கு கட்டங்களிலும் ஒரு குறியும் காட்டாமலே போயின.

எனவே பழசா புதிதா என்பதே இரண்டாம்பட்சம். ஒன்றா இரண்டா என்பதுதான் கேள்வி. ஒரே பிரதி வைத்திருப்பவருக்குப் புது டிஸ்க்கும் ஆபத்துதான். இரண்டாம், மூன்றாம் பிரதிக்குப் பழசு தாராளமாகப் போதும். வாங்கியதும் முழுக்க எழுதி, முழுக்கப் படித்துப் பார்க்க வேண்டும். 4 டிபிக்கு ஒவ்வொன்றும் ஏழெட்டு மணி நேரமாகும். ஆகவே மின்வெட்டு அறிவித்த நாளில் தொடங்கலாகாது. ஒரே மூட்டையில் வந்த இரண்டை ஜோடி சேர்க்காதீர்கள். ஒன்றாக உழைத்தவை ஒன்றாகவே படுக்கும்.

ஒரு பிரதி வெளியூரில் இருக்க வேண்டும். செய்யாற்றுச் சம்பந்தி வீட்டு பீரோ உத்தமம். சம்பந்திகளுக்குள் மனஸ்தாபம் வந்தால் அந்த டிஸ்க்கை மீட்பது எப்படி என்பது இவ்வாய்வின் எல்லைக்கு உட்பட்டதல்ல.