நிமிஷக் கணக்கில் ஞானோபதேசம்

அமெரிக்காவில் 1980ஆம் வருஷம் ஜனாதிபதி வேட்பாளர்கள் கார்ட்டரும் ரீகனும் வாதம் புரிந்து ஓய்ந்த இரவில், வென்றவர் இன்னார் என்று ஏபிசி தொலைக்காட்சிக்கு அறிவிக்க விழைந்த பிரஜைகளிடம் அழைப்புக்கு 50 சென்ட் வசூலிக்கப்பட்டது. அபிப்பிராயம் சொல்வதற்கு ஜனங்கள் கூலி கேட்பதில்லை, கொடுக்கவே சித்தமாயிருக்கிறார்கள் என்ற உண்மை வியாபாரிகளுக்குப் புலப்பட்டுவிட்டது. 1982இல் எட்டி மர்பி ஒரு ஹாஸ்ய நிகழ்ச்சியில் சிங்கி இறாலொன்றைத் தூக்கிக் காட்டி, கொதிநீரா, உயிர்ப்பிச்சையா என்று வினவ, ஏறத்தாழ 5 லட்சம் அழைப்புகள் குவிந்து ஜீவகாருண்யமே ஜயித்தது என்றாலும், மறுவாரம் இறால் சமைக்கப்பட்டே மேடைக்கு வந்தது. (ஜனநாயகத்தில் இதெல்லாம் சகஜம்.)

பின்னர் இத்தகைய கட்டண அழைப்புகளுக்கான 900 என்ற தொலைபேசி முன்னெண்ணுக்குள் ஆரூடக்காரர்கள் குடியேறினர். பாடகி டியோன் வார்விக்கின் முகப்பொலிவோடு விளம்பரமான சைக்கிக் ஃபிரெண்ட்ஸ் நெட்வொர்க், ஒரு சென்ட் குறைய 4 டாலருக்கு ஒரு நிமிஷ பவிஷ்யத்தை விற்றது. தயக்கத்துக்கும் இருமலுக்கும் அதே கட்டணம் என்பதால், தீர்க்கதரிசிகளுக்கு அவசரம் என்பதே கிடையாது. கிறிஸ்துமஸ் தாத்தாவுடன் குழந்தைகள் அளவளாவிய பில்லும் தகப்பனார் தலையில் விடியவே, 1992இல் சட்டம் பிறந்தது: தட்சிணையை முதலிலேயே சொல்லியாக வேண்டும், கேட்டுத் திகைத்தவர் செலவின்றி ரிஸீவரை வைத்துவிடலாம். வைத்தவர்கள் பலர் போலும்! 1998இல் அந்த ஆரூட ஸ்தாபனமே திவால் மனுப் போட்டது; தன் ஜாதகத்தை மட்டும் எந்தக் கட்டணத்துக்கும் அது கேட்டறியவில்லை என்று தோன்றுகிறது. 2012இல் வெரைசன் தொலைபேசிக் கம்பெனியும் 900 சேவையைக் கைகழுவியபோது அழுவாரில்லை. அபிப்பிராயமும் ஆரூடமும் அதற்குள் இணையத்தில், கேளாமலே, தர்மத்துக்கு வந்து விழத் தொடங்கியிருந்தன.